மாமா கை நனைத்த யுனிவர்சிடி

எந்த யுனிவர்சிடியில் என்னைச் சேர்ப்பது என்ற கேள்வி எழுந்தபோது, எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வழி. அதில் எங்கள் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். அரியலூர், ஜெயங்கொண்டம், உடையார்பாளையம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பெண் கொடுத்திருக்கிறார்கள், ஒருத்தியைக்கூட "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டுக் கொடுத்ததில்லை. இந்தத் தடவை கொடுக்கப்போவது மீசை அரும்பிய ஆண்பிள்ளையை என்பதை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. அந்தச் சமயம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், டிரைவருக்கு மனசு இருந்தால் மட்டும் பஸ் நிற்கிற ஊர் எங்களது. நான் திருச்சியில் தங்கி இண்டர்மீடியட் பாஸ் பண்ணியிருந்தேன். அடுத்தது பட்டப்படிப்பு. இரண்டு இடங்களுக்கு அப்ளிகேஷன் போட்டேன். யார் செய்த புண்ணியமோ, இரண்டு இடத்திலும் கூப்பிட்டுவிட்டார்கள். ஒன்று பட்டணத்து யுனிவர்சிடி. மற்றது கிழக்கே, சிதம்பரத்துப் பக்கம் இருந்த யுனிவர்சிடி. பட்டணத்தில் ஜியாலஜி கொடுத்தார்கள், கிழக்கே கணக்கு கொடுத்தார்கள்.

எனக்கு வேண்டியது பட்டணம். சினிமாவுக்காக என்று எங்கள் பங்காளிகள் பேசிக்கொண்டார்கள். அது பொய். எனக்கு வேண்டியது கல்.

எங்கள் கொல்லையில் ஏர் ஓட்டினால் மண்ணோடு கல்லும் வரும். சில கல் நத்தை போலச் சுருண்டிருக்கும், சில விரல் போல நீண்டிருக்கும். சின்ன வயதில் அதைப் பொறுக்கி வரப்புக்கு அந்தப்புறம் எறிவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. திருச்சியில் படிக்கும்போது ஒரு நாள் காலேஜ் கண்ணாடி அலமாரியில் அதே நத்தைக்கல்லைப் பார்த்தேன். பஞ்சின் மேல் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு அட்டையில் "அரியலூர்" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கடலில் வாழ்ந்த பிராணி, காலப்போக்கில் கல்லாகிவிட்டது என்று அதில் கண்டிருந்தது. எங்கள் சோளக்கொல்லை கடலாக இருந்ததாம்! சித்திரை மாதம் கிணற்றுக்குள் இறங்கிக் கொட்டாங்குச்சியால் தண்ணீர் மொள்ளுகிற ஊர் கடலாக இருந்ததாம்! அன்றைக்கு முழுக்க வேறு எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. அது எப்படி ஆயிற்று, எந்தக் கடல், எங்கே போனது, இதைத் தெரிந்துகொள்ளாமல் செத்துப்போய்விடக் கூடாது என்று தோன்றியது. பதினெட்டு வயதில் அப்படித்தான் தோன்றும். ஆனால் உண்மையாகவே தோன்றியது.

அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, நான் கல்லைப் பத்திப் படிக்கப் போறேன்."

"கல்லு ஒடைக்கவா? அதுக்கு ஜெயிலுக்குல்ல அனுப்புவாங்க. காலேஜிலயும் அதத்தான் பண்றாங்களா?"

"ஒடைக்கிறதுக்கு இல்லம்மா. அது என்ன கல்லு, எப்ப உண்டாச்சு, எப்புடி உண்டாச்சுன்னு..."

"நம்ம கொல்லையில இல்லாத கல்லாடா? பொறுக்கி எறியுடான்னா வரப்புல உக்காந்து வெளையாடிட்டு இருந்த பய, இப்ப அதப் படிக்கப் பட்டணம் போவணுமாம். நல்லாருக்குடா நீ பேசுறது!"

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அப்பாவும் நானும் நேராகப் பேசிக்கொள்வது கிடையாது. சண்டை ஒன்றுமில்லை. எங்கள் பக்கத்தில் அப்போது பல வீடுகளில் அதுதான் மரியாதை. மீசை முளைத்த மகன் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசினால் தலைக்கனம் என்பார்கள். அப்பா மகனிடம் நேராகப் பேசினால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். மூன்று பேரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்போம். "அவன் சாப்ட்டானான்னு கேளு" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். "சாப்ட்டேன்னு சொல்லும்மா" என்று நான் அம்மாவிடம் சொல்வேன். அம்மா வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவள் அங்கே இருந்தாக வேண்டும். அவள் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்போம்.

ஆகவே என் ஆசையை அம்மாதான் அப்பாவிடம் எடுத்துச் சொன்னாள். எப்படிச் சொன்னாள் தெரியுமா? "ஏங்க, புள்ளைக்குப் பட்டணம் பாக்கணும்னு ஆசையா இருக்காம்." அவ்வளவுதான். கல்லும் இல்லை, கடலும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன்.

அப்பா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "அதுக்கென்ன. மாப்ள போயி ரெண்டு எடத்தையும் பாத்துட்டு வரட்டும். பாக்காம புள்ளையத் தூக்கிக் குடுத்துர முடியுமா?" என்றார்.

மாப்ள என்றால் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன். எங்கள் வீட்டுச் சம்பந்தங்களுக்கெல்லாம் முதலில் போய் வீடு பார்த்து வருகிறவர் அவர்தான். சலவை வேட்டி, தோளில் மடித்த துண்டு, யாரைப் பார்த்தாலும் கும்பிடு. தங்கமான மனுஷர். வாய்க்கு ருசியாக ஏதாவது கண்ணில் பட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார். வீடு பார்க்கப் போகிறவருக்கு இது பெரிய இடைஞ்சல். ஏனென்றால் பேச்சு முடிவாகிற வரைக்கும் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது; அதாவது சாப்பிடக் கூடாது. சாப்பிட்டுவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் மாப்பிள்ளைக்கு ஒரு கண் இல்லை என்று தெரிந்தாலும் பின்வாங்க முடியாது. என் அக்காவுக்கு உடையார்பாளையத்தில் கல்யாணம் நிச்சயமானது ஒரு பருப்பு வடையால். பேச்சு சுவாரசியத்தில் மாமா கையை நீட்டி எடுத்துக் கடித்துவிட்டார். அக்கா அந்த வீட்டில் நல்லபடியாகத்தான் இருந்தாள். ஆனால் ஜென்மத்துக்கும் பருப்பு வடை மட்டும் சுடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மாமா முதலில் பட்டணத்துக்குப் போனார். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோற்றை ரயிலிலேயே தின்று முடித்துவிட்டு, காலேஜ் குழாயில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல், நாக்கு வறள ஊர் திரும்பினார். கூடத்தில் வந்து உட்கார்ந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"வூடு பெருசுதான் மச்சான். அரமண கணக்கா இருக்கு. ஆனா வாங்கன்னு கேக்க ஒரு நாதி இல்ல. நான் பாட்டுக்கு வாசல்ல நிக்கிறேன். ஒரு டவாலி சேவகன் வந்து, 'யாருய்யா நீ, என்ன வேணும்?'ங்கிறான். எங்க வூட்டுப் புள்ளைய இங்க குடுக்கலாமான்னு பாக்க வந்தேன்னேன். மேலயும் கீழயும் பாக்குறான்."

"பெரியவங்க யாரும் வெளிய வல்லியா?" என்று கேட்டார் அப்பா.

"ஒரு கண்ணாடிக்காரரு போனாரு. கும்புட்டேன். இங்கிலீஷ்ல என்னமோ சொல்லிட்டு அவரு பாட்டுக்கு ஓடுறாரு. நின்னு எந்த ஊருன்னுகூடக் கேக்கல."

"தண்ணி?"

"ஒரு சொம்புத் தண்ணி குடுக்கல மச்சான்! குடுத்தா குடிச்சிருக்க மாட்டேன், அது வேற. குடுக்கணும்ல?"

அப்பா மோவாயைத் தடவினார். தண்ணீர் கொடுக்காத வீடு என்று பட்டணத்தின் பேரில் எழுதியாயிற்று. அங்கே என்ன பாடம், யார் நடத்துகிறார்கள், லைப்ரரி எவ்வளவு பெரிசு என்று மாமா பார்க்கவுமில்லை, அப்பா கேட்கவுமில்லை. கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றெரிச்சல். "அம்மா, அங்க ஜியாலஜிக்குத் தனிக் கட்டடம் இருக்குதான்னு கேளும்மா" என்றேன். "அதெல்லாம் இருக்கும்டா, அவ்ளோ பெரிய வூட்டுல இல்லாமலா?" என்று மாமாவே பதில் சொல்லிவிட்டார்.

ஒரு வாரம் கழித்துக் கிழக்கே போனார். இந்தத் தடவை பஸ்ஸில், ஜெயங்கொண்டம் வழியாக. பெட்ரோல் கிடைக்காத நாட்கள். பின்னால் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடுகிற பஸ். மூன்றாம் நாள் மத்தியானம் மாமா வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே துண்டைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னடா, உள்ள வா. ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் அம்மா.

"அக்கா... கை நனைச்சுட்டேன்."

"அட பாவி!" என்று அம்மா தலையில் கை வைத்தாள்.

அப்பா ஊஞ்சலிலிருந்து எழுந்துவிட்டார். மாமா அழாத குறையாகச் சொன்னார். பஸ் வழியில் மூன்று இடத்தில் நின்றுவிட்டதாம். இறங்கித் தள்ளியிருக்கிறார்கள். அம்மா கட்டிக்கொடுத்த சோறு பஸ் கூரையிலிருந்து எங்கேயோ விழுந்துவிட்டது. யுனிவர்சிடி ஹாஸ்டல் வாசலை மிதித்தபோது உச்சி வெயில். உள்ளே பையன்கள் பந்தி பந்தியாய் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க, வெங்காய சாம்பார் வாசனை தெருவரைக்கும் வந்திருக்கிறது. ஹாஸ்டல் வார்டன் எதிரே வந்து, "வாங்க, வாங்க, எந்த ஊரு? மொகம் வாடியிருக்கே. மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பேசலாம்" என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்.

"கூப்ட்டா ஒடனே உக்காந்துர்றதா மாப்ள?"

"நெல்லுச்சோறு மச்சான். இந்த ரேஷன் காலத்துல, முன்னப்பின்ன தெரியாதவனுக்கு, மல்லியப்பூ கணக்கா நெல்லுச்சோறு போடுறாங்க. கையி தானா எலைக்குப் போயிருச்சு. மோருக்கு வந்தப்பறந்தான் எனக்கு நெனப்பே வந்துச்சு."

"நெனப்பு வந்தோன்ன எந்திரிச்சியா?"

"பாதியில எந்திரிச்சா அவங்களுக்கு மரியாதையா இருக்குமா? மோரையும் குடிச்சுட்டேன்."

அன்று சாயங்காலமே பங்காளிகள் நாலு பேரை வரவழைத்து நியாயம் பேசினார்கள். என் படிப்பைப் பற்றி அத்தனை கவனமாக யாரும் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் சாம்பாரைப் பற்றி. தட்டில் சாப்பிட்டாயா, இலையில் சாப்பிட்டாயா? தட்டு என்றால் காசுக்குச் சோறு போடுகிற கிளப்புக்கடை மாதிரி, விட்டுவிடலாம். இலையில்தான். இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாயா, அவர்களாகப் போட்டார்களா? கேட்டு வாங்கினேன். காசு நீட்டினாயா? நீட்டினேன், வாங்கமாட்டேன் என்றுவிட்டார்கள். அங்கேதான் எல்லாரும் ஒரே குரலில் "ப்ச்" கொட்டினார்கள். காசு வாங்கியிருந்தால் அது வியாபாரம். வாங்காததால் விருந்து. கேஸ் முடிந்துபோயிற்று.

"அப்பறம் என்ன. கிழக்கதான்" என்றார் அப்பா.

நான் சமையற்கட்டுக்கு ஓடினேன். "என்னம்மா இது அக்கிரமம்! அது யுனிவர்சிடிம்மா, சம்பந்தி வூடு இல்ல. அங்க இருக்கிறவங்களுக்கு மாமா சாப்ட்டதும் தெரியாது, ஏப்பம் வுட்டதும் தெரியாது. தெனம் நூறு பேரு சாப்புடுற எடம்."

அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "அவங்களுக்குத் தெரியாட்டி என்னடா? நமக்குத் தெரியுதுல்ல."

சொல்லிவிட்டு மறுபடியும் அடுப்பை ஊதக் குனிந்தாள்.

ஒரு தடவை நேராகவே கேட்டுவிடுவது என்று துணிந்தேன். அப்பா கொல்லையில் தனியாக இருந்த நேரமாகப் பார்த்துப் போனேன். ஏரை அவிழ்த்துவிட்டு மாடுகளுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். நானும் பார்த்தேன். நடுவில் நின்று பேச ஒரு ஈ காக்கை இல்லை. அப்பா ஒரு மாட்டின் கழுத்தைத் தட்டிக்கொடுத்து, "இந்த வெயில்ல எதுக்கு வந்திருக்கானாம்?" என்று அதனிடம் கேட்டார். நான் மற்ற மாட்டைப் பார்த்து, "சும்மாதான்" என்றேன். காலடியில் ஒரு நத்தைக்கல் கிடந்தது. அதை எடுத்து அவரிடம் காட்டி இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம். நான் திரும்பி வீட்டுக்கு நடந்தேன். என் கோழைத்தனத்துக்கு மரியாதை என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் அந்த அதிபுத்திசாலி யோசனை வந்தது. வார்டனுக்கே எழுதிவிட்டால் என்ன? பெரம்பலூர் தபாலாபீஸ் வரைக்கும் நடந்துபோய்க் கவர் வாங்கி, அங்கேயே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினேன். நத்தைக்கல், கண்ணாடி அலமாரி, கடல், எனக்கு இருக்கிற ஆசை, பட்டணத்தில் கிடைத்திருக்கிற இடம், ஒன்று விடவில்லை. எழுத எழுத எனக்கே கண் கலங்கியது. கடைசியில், "எங்கள் மாமா தங்கள் ஹாஸ்டலில் சாப்பிட்டதை எங்கள் குடும்பத்தார் வாக்குக் கொடுத்ததாக நினைக்கிறார்கள். அப்படி ஒன்றுமில்லை என்று என் தகப்பனாருக்கு ஒரு வரி எழுதி என்னை விடுவிக்க வேண்டும்" என்று கேட்டுக்கொண்டேன். வார்டன் அதைப் படித்துச் சிரித்தாரா, பயந்தாரா, தெரியாது. ஆனால் நல்ல மனுஷர். எட்டாம் நாள் அப்பா பேருக்குக் கடிதம் வந்துவிட்டது.

அப்பாவுக்குப் படிக்கத் தெரியும். இருந்தாலும் இண்டர்மீடியட் பாஸ் பண்ணின பிள்ளை வீட்டில் இருக்கும்போது அவர் எதற்குக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? "அவனைப் படிக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்னிடம் கொடுத்தாள். பிரித்தேன். முதல் வரி: "தங்கள் மகன் எழுதிய நீண்ட கடிதம் கிடைத்தது." அந்த வரியை அப்படியே தாண்டி, இரண்டாம் வரியிலிருந்து சத்தமாகப் படித்தேன்.

"தங்கள் மைத்துனர் இங்கே உணவருந்தியதால் தங்களுக்கு எவ்விதக் கடமையும் இல்லை. தங்கள் மகன் இங்கே சேரவில்லை என்றால் எங்களுக்குச் சிறிதும் வருத்தமில்லை. அந்த இடத்துக்குப் பல மாணவர்கள் காத்திருக்கிறார்கள்."

அப்பாடா, தப்பித்தோம் என்று மூச்சு விட்டுக்கொண்டே நிமிர்ந்தேன். அப்பாவின் முகம் சிவந்திருந்தது.

"என்னா சொல்றான்? வருத்தம் இல்லியாமா? வேற ஆளு காத்திருக்காமா?" என்று ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "சோத்தையும் போட்டுட்டு, இப்ப புள்ள வேணாங்கிறானா? நம்ம புள்ளைக்கு என்ன கொற? கையி இல்லியா, காலு இல்லியா? ஊருக்குள்ள தெரிஞ்சா என்னா பேசுவாங்க?"

"அதானே! பேசி முடிச்சுட்டு வேணாங்குறது என்ன பழக்கம்?" என்றாள் அம்மா.

"எவன் வேணாம்னானோ அங்கதான் இவன் படிக்கணும். படிச்சு, ஒசந்த மார்க்கு வாங்கி, அந்த ஆளு மூஞ்சிக்கு நேரா நிக்கணும். சொல்லு அவன்கிட்ட."

அம்மா என்னிடம் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது எனக்கு நன்றாகவே விளங்கியது. அதுவரைக்கும் வாக்கு என்று இருந்தது, இப்போது மானப்பிரச்சினை ஆகிவிட்டது. கடிதத்தை அப்பா வாங்கி மடித்துத் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

புறப்படுகிற நாள் வந்தது. பெட்டி படுக்கையோடு அந்தக் கரி பஸ்ஸில் என்னை ஏற்றிவிட மாமா இனி ஏழு ஜென்மத்துக்கும் சம்மதிக்கமாட்டார் என்பதால், அரியலூரிலிருந்து ரயிலில் போவது என்று ஏற்பாடு. விருத்தாசலத்தில் இறங்கிக் கடலூர் வண்டி பிடித்து, அங்கிருந்து சிதம்பரம். அம்மா வீட்டு வாசலிலேயே அழுது முடித்துவிட்டாள். அப்பா, மாமா, நான், மூன்று பேரும் மாட்டுவண்டியில் ஸ்டேஷனுக்கு வந்தோம். காலை பத்து மணி வெயில். பட்டணத்து யுனிவர்சிடி இடம் கொடுத்து அனுப்பியிருந்த கடிதத்தையும் சட்டைகளுக்கு அடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டியிருந்தேன். அங்கே சேர இன்னும் நாலு நாள் தவணை இருந்தது. எதற்காக அதை எடுத்துவந்தேன் என்று கேட்டால், தெரியாது. வீட்டில் விட்டுவர மனசு வரவில்லை.

மாமாவை நடுவில் உட்காரவைத்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்தோம். அப்பா தண்டவாளத்தைப் பார்த்தபடியே, "மாப்ள" என்றார்.

"சொல்லுங்க மச்சான்."

"அந்த வார்டன் கடுதாசியில மொத வரிய அவன் ஏன் படிக்கலன்னு கேளு."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"மறுநாளு எடுத்துப் படிச்சேன்" என்றார் அப்பா. "ஊரு பேரு தெரியாத ஒரு ஆளுக்குப் பக்கம் பக்கமா எழுதத் தெரிஞ்சிருக்கு மாப்ள. பெத்த அப்பன்கிட்ட வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கத் தெரியல."

"மாமா, தெரிஞ்சப்பறமும் அவரு ஏன் சும்மா இருந்தாருன்னு கேளுங்க."

"அவன் வாயால வரட்டும்னு இருந்தேன்னு சொல்லு."

"அவரு ஒரு தடவ கேக்கட்டும்னு நான் இருந்தேன்னு சொல்லுங்க."

மாமா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அய்யா, என்னைய விட்டுருங்கய்யா ரெண்டு பேரும்! ஒரு வேள சோறு தின்னதுக்கு இம்புட்டுத் தண்டனையா? எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுந்தான உக்காந்திருக்கீங்க? பேசித் தொலைங்களேன்!"

சிக்னல் கைகாட்டி இறங்கியது. தூரத்தில் புகை தெரிந்தது. போர்ட்டர் என் பெட்டியைத் தூக்கினார். அப்பா எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, வருகிற வண்டியைப் பார்த்துச் சொன்னார்: "இது பட்டணம் வரைக்கும் போற வண்டிதான் மாப்ள. கேட்டான்னா ஓடிப்போயி டிக்கெட்ட மாத்திக்கிட்டு வந்துருவேன். கேக்கணும்."

கேட்க வேண்டும். அவ்வளவுதானே? "அப்பா, எனக்குப் பட்டணம் போகணும்." நாலு வார்த்தை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த "கேக்கணும்" என்ற ஒரு சொல்லில் எனக்குச் சுருக்கென்று ரோஷம் வந்துவிட்டது. எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு, என்னைக் கெஞ்ச வைத்துப் பார்க்கிறாரே என்று இருந்தது. அவருக்குக் கெஞ்சுவது வேண்டாம், மகன் குரல் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் மட்டும் பேசியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை.

"போயிட்டு வரேன்னு சொல்லுங்க மாமா" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினேன்.

எதிர் பெஞ்சில் பட்டணத்துக்கு முந்திரிக்கொட்டை விற்கப் போகிற வியாபாரி ஒருவர் இருந்தார். "தம்பி எது வரைக்கும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ பேச்சு, கொட்டித் தீர்த்துவிட்டேன். கல், கடல், அந்த அட்டை, பட்டணத்தில் எனக்காக இருக்கிற இடம், எல்லாவற்றையும் சொன்னேன். விருத்தாசலம் வரைக்கும் வாய் மூடவில்லை. அந்த மனுஷர் மூட்டையின் மேல் சாய்ந்துகொண்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், வியப்போடு கேட்டுக்கொண்டே வந்தார்.

விருத்தாசலத்தில் பெட்டியை இறக்கினேன், படுக்கையை இறக்கினேன். வண்டி கிளம்பப் போகும் சமயம் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார்.

"ஏந்தம்பி, எனக்கே அந்தக் கல்லப் பாக்கணும்போல ஆசையா இருக்குதே. இத இப்புடியே உங்கப்பாருகிட்ட சொல்லியிருந்தா அவரு மாட்டேன்னா சொல்லியிருப்பாரு?"

"மாட்டேன்னு சொல்லியிருக்க மாட்டாருங்க" என்றேன்.

வண்டி பட்டணத்தைப் பார்க்கப் போய்விட்டது. கடலூர் வண்டி வருகிற வரைக்கும் நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.